அப்பா கட்டின வீடும் நான் சொன்ன விலையும்

கள்ளக்குறிச்சி வீட்டை வித்தாச்சு. 2024 ஜூன் கடைசி வாரம் பத்திரம் முடிஞ்சுது. அப்பவே எழுதணும்னு நினைச்சேன், எழுத உட்கார்ந்தா ஒரே அழுகாச்சியா வந்துச்சு, அழிச்சுட்டேன். போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "ஊர்ல வீட்டை விக்கப் போட்டு எட்டு மாசம் ஆச்சுய்யா, ஒருத்தனும் சீந்த மாட்டேங்கறான். விலையைக் குறைக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?"ன்னு கேட்டார். போன்ல அவருக்குச் சொன்னது பாதி. மீதி இங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் ரியல் எஸ்டேட் புலி எல்லாம் இல்ல. வாழ்க்கையில ஒரே ஒரு வீடு வித்திருக்கேன். அதையும் தப்பா வித்திருக்கேன். அதனாலதான் தைரியமா எழுதறேன் :)

அப்பா வாத்தியார். 1979-ல வேலை கிடைச்சு கல்வராயன் மலைக்குப் போனார். வெள்ளிமலை பக்கத்துல ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. அந்த மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்துச்சு. நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழிச்சுத்தான் அங்க இருந்த மலையாளி ஜனங்க அரசாங்கத்துக்குக் கீழ வந்தாங்க. அது நடந்து மூணாவது வருஷம் அப்பா அங்க போயிருக்கார். வாரம் பூரா மலையில, சனிக்கிழமை கச்சிராயபாளையம் வழியா பஸ் பிடிச்சு கீழ இறங்குவார். நாங்க கள்ளக்குறிச்சியில வாடகை வீட்டுல.

1987-ல ஊருக்குள்ளயே 1,800 சதுர அடி மனை வாங்கி வீடு கட்டினார். ரெண்டு ரூம், ஒரு ஹால், சமையலறை, முன்னாடி திண்ணை, பின்னாடி கிணறு. மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணியை ஊத்தி ஊத்தி ஆளுங்க கட்டையால அடிச்சுத் தளம் போட்டாங்க, அதுக்கு மேல தட்டோடு. அந்தக் கடுக்காய் மலையிலிருந்து வந்தது. பசங்களோட அப்பா அம்மா மூட்டையாக் கட்டிக் கொடுத்து அனுப்பினாங்களாம். பஸ் மேல போட்டு எடுத்துட்டு வந்தார். சித்திரை வெயில்லயும் ஹால்ல தரையில படுத்தா சிலுசிலுன்னு இருக்கும்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்தக் கடுக்காயையும் சேர்த்துத்தான் நான் விலை போட்டேன். அங்கதான் வினை ஆரம்பிச்சுது.

அப்பா 2021-ல தவறிட்டார். அம்மா என்கூட கோயமுத்தூர் வந்துட்டாங்க. அக்கா சேலத்துல. பூட்டின வீட்டை எத்தனை நாள் வெச்சிருக்கறது? 2023 பிப்ரவரியில விக்கறதுன்னு முடிவு. அப்பா சொந்தமா சம்பாதிச்ச சொத்து, உயில் கிடையாது. ஆக 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நான் மூணு பேருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ரெடி. இது ஒண்ணுதான் நான் ஒழுங்காச் செஞ்சது.

விலை எப்படி முடிவாச்சு தெரியுமா? ஆளுக்கு 20 லட்சம் வந்தா நல்லா இருக்கும்னு நான்தான் சொன்னேன். மூவிருபது அறுபது. புரோக்கர் கமிஷன், பேரம், இத்யாதிக்கு மேல 5. மொத்தம் 65. அவ்வளவுதான் கணக்கு! வீடு என்ன பெறும்னு யாரும் கேட்கவே இல்ல. எங்களுக்கு என்ன வேணும்ங்கறதை வீட்டு மேல எழுதி ஒட்டிட்டோம்.

அதுக்கு ஆதாரமும் தேடிக்கிட்டேன். 2019 நவம்பர் 26-ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு இல்லையா, "இனிமே நம்ம ஊரு ரேஞ்சே வேற"ன்னு டீக்கடையில பேச்சு. 2022 ஜனவரியில சிறுவாங்கூர்ல மெடிக்கல் காலேஜ் திறந்தாச்சு. வீரசோழபுரம் பக்கம் கலெக்டர் ஆபீஸ் வருதுன்னு ஒருத்தர், சின்னசேலத்துலேர்ந்து ரயில் வருதுன்னு இன்னொருத்தர். (அந்த ரயில் எங்க ஊர்க்காரங்க மனசுல பல வருஷமா ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.) எங்க தெரு முனையில ஒரு வீடு 70-க்குப் போச்சுன்னும் கேள்விப்பட்டேன். அது ரோட்டோரம், கீழ ரெண்டு கடை வேற இருக்குங்கறதை வசதியா மறந்துட்டேன்.

புரோக்கர் அறுபது வயசைத் தாண்டினவர், அப்பாவுக்குப் பழக்கம். 65-ன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "வாத்தியாரு மவன் சொல்றீங்க, போடறேன். ஆனா தம்பி, 50, 52-ல மனசை வெச்சுக்கங்க"ன்னார். "கமிஷன் சீக்கிரம் வரணும்னு இப்படித்தான் சொல்லுவாங்க"ன்னு வீட்டுல வந்து அறிவாளி மாதிரி சொன்னேன்.

முதல் மூணு வாரத்துல ஒன்பது பார்ட்டி வந்து பார்த்தாங்க. ஒன்பது! எனக்குத் தலைகால் புரியல. அதுல ஒரு சின்ன வயசு ஜோடி. அந்தப் பொண்ணு நர்ஸ், பையன் லேப்ல வேலை. ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டாவது தடவை அந்தப் பொண்ணு கிணத்தை எட்டிப் பார்த்துட்டு, "தண்ணி வருஷம் பூரா இருக்குமாண்ணா?"ன்னு கேட்டுச்சு. மார்ச் நடுவுல 54 லட்சம் கேட்டாங்க. முழுசா வெள்ளையில, பத்திரத்துல அதே தொகை.

நான் மாட்டேன்னுட்டேன். என் கணக்கு என்னன்னா, ஒரே மாசத்துல 54 வந்துடுச்சுன்னா மூணு மாசத்துல 60 வராதா?

வராது. இதுதான் நான் கத்துக்கிட்ட முதல் பாடம். வீடு விலைக்கு வந்த புதுசுல வர்ற கூட்டம், பல மாசமா அந்த ஊர்ல வீடு தேடிக்கிட்டே இருக்கற கூட்டம். எல்லா வீட்டையும் பார்த்தவங்க, எது எவ்வளவு பெறும்னு நம்மைவிட நல்லா தெரிஞ்சவங்க. அவங்க மொத்தமா ஒரே மாசத்துல வந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் வர்றது புதுசா தேட ஆரம்பிக்கிற ஒண்ணு ரெண்டு பேர்தான். முதல் மாசக் கூட்டத்தைப் பார்த்து "டிமாண்ட் ஏறுது"ன்னு நினைச்சேன். அது வடிய ஆரம்பிச்ச தண்ணி.

அதே மார்ச் 20-ஆம் தேதி பட்ஜெட்ல பத்திரச் செலவு மாறுதுன்னு அறிவிச்சாங்க. அதுவரைக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணம் 2 ஆகி மொத்தம் 9. பதிலுக்கு 2017-ல குறைச்ச வழிகாட்டி மதிப்பைத் திரும்பப் பழைய இடத்துக்கே ஏத்திட்டாங்க. "பாத்தியா, கவர்மென்ட்டே நிலத்தோட மதிப்பை ஏத்திடுச்சு"ன்னு நான் அதையும் எனக்குச் சாதகமா எடுத்துக்கிட்டேன். அரசாங்கம் வழிகாட்டி மதிப்பை ஏத்தினா வாங்கறவன் பாக்கெட்ல காசு ஏறிடாதுங்கற சின்ன விஷயம் அப்ப உறைக்கல.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க என் காரண அட்டவணை. ஏப்ரல், மே: பசங்க பரீட்சை, லீவு, யாரும் வீடு பார்க்க மாட்டாங்க. ஜூன்: ஸ்கூல் பீஸ் கட்டற மாசம். ஆடி: கேட்கவே வேணாம். புரட்டாசி, ஐப்பசி: தீபாவளிச் செலவு. கார்த்திகை: மழை. மார்கழி: யாராவது வீடு வாங்குவாங்களா? தை பொறந்தா வழி பொறக்கும். தை பொறந்துச்சு. வழி? 2024 ஏப்ரல்ல பார்லிமென்ட் எலெக்‌ஷன், கையில பணம் எடுத்துட்டுப் போக முடியாது, அதான் யாரும் வரல... தமிழ் காலண்டர்ல சாக்கு கிடைக்காத மாசமே இல்ல மக்களே.

நடுவுல வந்தவங்க நாலே பேர். ஒருத்தர் பாதியைப் பத்திரத்துல காட்டலாம், மீதி ரொக்கம்னார். வேணாம்னுட்டோம். இன்னொருத்தர் வாசல் வரைக்கும் வந்து, பூட்டைப் பார்த்துட்டு, எதிர்வீட்டு அம்மாகிட்ட "இவ்வளவு நாளா போகாம இருக்கே, ஏதும் வில்லங்கமா?"ன்னு கேட்டிருக்கார். பங்காளிச் சண்டையாம், கேஸ் நடக்குதாம், வாஸ்து சரியில்லையாம், ஊர்ல ஆளுக்கு ஒண்ணு. 36 வருஷம் ஒரு வில்லங்கமும் இல்லாம இருந்த வீட்டுக்கு, நான் சொன்ன விலையே ஒரு வில்லங்கத்தை உண்டாக்கிடுச்சு.

இந்தச் சமயத்துல பேங்க்ல வேலை செய்யற நண்பர் ஒருத்தர் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். வீடு விக்கற எல்லாரும் இதைத் தெரிஞ்சுக்கணும். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான வீட்டுக் கடன்னா, வீட்டு மதிப்புல 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி விதி. மதிப்புங்கறது நாம சொல்றது இல்ல, அவங்க இன்ஜினியர் வந்து போடறது. பழைய வீடு, எங்க வீட்டுக்கு 50 லட்சம் போடுவாங்கன்னு வைங்க. கடன் 40. நான் 65 கேட்டா மீதி 25-ஐ வாங்கறவர் கையிலேர்ந்து போடணும். பத்திரச் செலவு 9 சதவீதம் இன்னொரு 5.85. கிட்டத்தட்ட 31 லட்சம் கையில இருக்கணும். அதே வீடு 52-ன்னா? 12-ம், 4.68-ம் சேர்த்து பதினேழு லட்சத்துக்குள்ள முடிஞ்சுது.

அதாவது 52-க்கு மேல நான் ஏத்தற ஒவ்வொரு லட்சமும் அந்த ஆளோட சேமிப்பிலேர்ந்தோ, பொண்டாட்டி நகையிலேர்ந்தோதான் வரணும். வங்கி அதுல பத்து பைசா தராது. 31 லட்சம் ரொக்கம் கையில இருக்கறவன், 36 வருஷப் பழைய வீட்டை எதுக்கு வாங்கறான்? மனையை வாங்கிப் புதுசா கட்டிட்டுப் போறான்.

கணக்கு புரிஞ்சுது. ஆனா குறைச்சேனா? இல்லையே!

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லன்னு அப்புறம் படிச்சப்ப ஒரு ஆறுதல். கானமன், நெட்ஷ், தேலர்னு மூணு பேர் 1990-ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள்ல பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபி கோப்பையைச் சும்மா கொடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல அதை விக்கச் சொன்னா, வாங்கறவங்க தர்றதா சொன்ன விலையைவிட ரெண்டு மடங்குக்கு மேல கேட்டாங்க. சும்மா வந்த கோப்பைக்கே அப்படின்னா, கடுக்காய் ஊத்தி அப்பா கட்டின வீட்டுக்கு எப்படி இருக்கும்? இன்னொண்ணு, ஜெனிசோவ், மேயர்னு ரெண்டு பேர் 2001-ல எழுதினது, அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து அடுக்குமாடி வீடுகளைப் பத்தி. வாங்கின விலைக்குக் கீழ விக்க வேண்டிய நிலைமையில இருந்தவங்க, அந்த நஷ்டத்துல 25 முதல் 35 சதவீதம் வரைக்கும் கேட்கிற விலையில ஏத்தி வெச்சாங்களாம். கடைசியில அதிகமாக் கைக்கு வந்தது நஷ்டத்துல 3 முதல் 18 சதவீதம்தான். வீடு விக்கவும் ரொம்ப நாள் ஆச்சு. எனக்கு வாங்கின விலை நஷ்டம் இல்ல, 65-ங்கறது நானே மனசுல வாங்கி வெச்சிருந்த விலை. அதுல குறையற ஒவ்வொரு லட்சமும் யாரோ என் பாக்கெட்ல கைவிடற மாதிரி இருந்துச்சு.

2024 மார்ச்ல வீட்டைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தா மூடின வீட்டுக்கே உரிய ஒரு வாடை. நடு ரூம் நிலைக்கால்ல கரையான் மண்ணு கோடு போட்டு ஏறியிருக்கு. அப்பாவோட அலமாரி பின்பக்கம் அப்படியே மாவாக் கொட்டுது. ஆளை வெச்சு மருந்து அடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டு வந்தேன். அங்க அப்பாவோட பழைய மாணவர் ஒருத்தரைப் பார்த்தேன். என்னைவிடப் பெரியவர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். "சார் வீட்டுக்காரப் புள்ள வந்துட்டு மேல வராமப் போறதா?"ன்னு விடல. அன்னிக்கு ராத்திரி மலையில தங்கல்.

அது புளி சீசன். அவங்க வீட்டு வாசல்ல அண்ணி, பொண்ணு, பக்கத்து வீட்டு அம்மா எல்லாம் உட்கார்ந்து புளி ஓடு தட்டிக்கிட்டு இருந்தாங்க. தட்டற சத்தத்துக்கு நடுவுல என் வீட்டுக் கதையைச் சொன்னேன். நீங்க விலையை எப்பண்ணே குறைப்பீங்கன்னு சும்மாதான் கேட்டேன். அவர் ஒரு புளியைப் பிட்டுக் கையில கொடுத்தார். நல்ல செம்பழுப்பு.

"இது இந்த நிறத்துல இருக்கற வரைக்கும் ஏவாரிகிட்ட நாலு வார்த்தை பேசலாம் தம்பி. கறுக்க ஆரம்பிச்சா அவன் பேசுவான், நாம கேட்கணும். போன வருஷம் பக்கத்து ஊருல என்ன வெல போச்சு, நமக்கு என்ன கடன் இருக்குன்னெல்லாம் புளிக்குத் தெரியாது. தெனம் ஒரு தடவ புளியத்தான் பார்ப்போம்."

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஒரு வருஷமா நான் 65-ங்கற நம்பரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், ஊர்ப் பேச்சைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன். வீட்டைப் பார்க்கல. வீடு கறுத்துக்கிட்டு இருந்துச்சு.

ராத்திரி இன்னொண்ணும் சொன்னார், சிரிச்சுக்கிட்டேதான். "உங்களுக்காவது வெல சொல்ல ஒரு பத்திரம் இருக்கு." மலையில நிறைய பேருக்கு நிலம் இருக்கும், உழுவாங்க, பத்திரம் இருக்காது. 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டா வாங்கினவங்களுக்கும் அது பிள்ளைகளுக்குப் போகும், விக்க முடியாது. வெளியாள் கைக்குப் போயிடக் கூடாதுன்னு அப்படி ஒரு விதி. அவசியமான விதிதான். ஆனா ஒரு ஆபத்து அவசரம்னா அவர் கையில இருக்கறது அந்த வருஷத்துப் புளியும் கடுக்காயும் மட்டும்தான். ஒரு நிலத்தை வித்துப் பணமாக்க முடியறதே ஒரு வசதி. அந்த வசதியை நான் பூட்டி வெச்சுக் கரையானுக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தேன்.

இவ்வளவுக்கு அப்புறமும் கோயமுத்தூர் வந்து என்ன செஞ்சேன் தெரியுமா? 65-ஐ 63 ஆக்கினேன். ஹிஹி. புரோக்கர் போன்லயே சிரிச்சார்.

மே மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். சேலத்துலேர்ந்து அக்கா வந்திருந்தா. சாப்பாட்டுப் பந்தியில அம்மா அக்கா கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "வளையல் என்னடி, கவரிங்கா?"ன்னு மெதுவா கேட்டாங்க. பக்கத்துல நான். அக்கா ஒண்ணும் சொல்லல. மாமாதான் அப்புறம் வெளிய வந்து சொன்னார். 2023 மே மாசம் பையனை இன்ஜினியரிங் சேர்க்க நகையை அடகு வெச்சு 4 லட்சம் வாங்கியிருக்காங்க, தனியார் அடகுக் கடையில, மாசம் ஒன்றரை வட்டி. மாசத்துக்கு 6,000 ரூபாய். "ரெண்டு மாசத்துல வீடு போயிடும், மீட்டுக்கலாம்"னு வெச்சது. பன்னெண்டு மாசம் ஓடிப்போச்சு.

அக்காகிட்ட போய், "ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். கொஞ்சம் கோபமாத்தான் கேட்டேன், தப்பு என்மேலன்னு தெரிஞ்சா கோபம் வரும் இல்லையா, அந்தக் கோபம்.

"எப்படிடா சொல்றது? அப்பா வீட்டை அடிமாட்டு விலைக்கு விக்க மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்ன. நான் குறைச்சுக் கொடுன்னா, அப்பா வீட்டுக்கு மதிப்பு இல்லாதவ நான்னு ஆயிடாதா?"

அவ்வளவுதான் சொன்னா. எனக்குப் பதில் இல்ல. எங்கம்மாவும் அப்பதான் வாயைத் திறந்தாங்க. "அந்த மனுஷன் எந்தப் பொருளையும் பேரம் பேசிக்கூட வாங்க மாட்டார். அவர் பேரைச் சொல்லி நீ ஏன்டா இவ்வளவு பேரம் பேசற?"

அந்தக் கல்யாண மண்டபத்துலயே மூணு பேரும் உட்கார்ந்தோம். அம்மா ஒரு மொய்க்கவரைக் கிழிச்சுக் கொடுத்தாங்க. அதோட பின்பக்கம் ரெண்டு நம்பர் எழுதினோம். கேட்கிற விலை 54. அதுக்குக் கீழ போகக் கூடாத விலை 51. மூணு பேரும் கையெழுத்து போட்டோம். 51 எப்படி வந்துச்சுன்னா, இந்தத் தடவை எங்க தேவையிலேர்ந்து இல்ல. பக்கத்துத் தெருவுல முந்தின வருஷம் பதிவான ரெண்டு கிரயத்துல மனை சதுர அடி என்ன விலைன்னு விசாரிச்சு, கட்டடத்துக்கு இன்ஜினியர்கிட்ட கேட்டு எடுத்த நம்பர். கிட்டத்தட்ட அந்தப் பெரியவர் முதல் நாளே சொன்ன நம்பர்தான் :(

ஒரேயடியா 63-லேர்ந்து 54. முதல்ல 61, அப்புறம் 59-ன்னு இறங்கினா, "இன்னும் இறங்குவாங்க, பொறுப்போம்"னுதான் பார்க்கறவங்களுக்குத் தோணும். குறைக்கறதுன்னு முடிவு பண்ணா, வாங்கறவன் கைக்கு எட்டற இடம் வரைக்கும் ஒரே தடவையா குறைக்கணும்.

அந்த நர்ஸ் பொண்ணு நம்பரைத் தேடிப் பிடிச்சு போன் பண்ணேன். "நாங்க போன வருஷமே வேற இடத்துல வாங்கிட்டோம்ணா"ன்னுச்சு. அப்புறம், "இன்னும் விக்கலையா?"ன்னு கேட்டுச்சு. கிண்டலா எல்லாம் இல்ல, நிஜமான ஆச்சரியம். அதான் இன்னும் வலிக்குது.

பத்து நாள்ல மூணு பார்ட்டி. அதுல ரிட்டயர் ஆகப் போற ஒரு அரசு ஊழியர் குடும்பம் 50-ல ஆரம்பிச்சு 51.5-ல நின்னாங்க. மொய்க்கவரை எடுத்துப் பார்த்தோம். சரின்னோம். ஜூலை 1 முதல் வழிகாட்டி மதிப்பு மறுபடி மாறுது, அதுக்குள்ள முடிச்சுடலாம்னு புரோக்கர் அவசரப்படுத்தினார். ஜூன் கடைசி வாரம் பதிவு.

அந்த ஜூன் எங்க ஊருக்கு என்ன ஜூன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். கருணாபுரம் விஷச் சாராயத்துல அறுபதுக்கும் மேல உயிர் போச்சு. நாங்க பத்திரம் போடப் போன வாரம், தெருவுக்குத் தெரு அழுகை ஓய்ந்திருக்கல. பதிவு ஆபீஸ்ல யாரும் சத்தமா பேசல. வெளிய ஒருத்தர் என்கிட்ட, "இனிமே ஊர் பேரு கெட்டுப்போச்சு, ரேட் விழும், நீங்க தப்பிச்சுட்டீங்க"ன்னார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. அடுத்த நொடி என்னையே எனக்குப் பிடிக்கல. பதினாறு மாசமா எல்லாத்தையும் வீட்டு விலையா மாத்திப் பார்த்த மனசு, சாவையும் அப்படியே பார்த்துச்சு. வாங்கினவங்க ஒரு ரூபாகூடக் குறைச்சுக் கேட்கலைங்கறதையும் சொல்லணும்.

இப்ப கணக்கு. 54-ஐ அன்னிக்கே வாங்கி வங்கியில 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தா மாசம் 31,500. பதினஞ்சு மாசத்துக்கு 4,72,500. விலையில போனது 2,50,000. அக்கா கட்டின வட்டி, ஜூன் வரைக்கும் பதிமூணு மாசத்துக்கு, 78,000. மூணும் சேர்த்து 8,00,500 ரூபாய். கரையான் மருந்து, வீட்டு வரி, நான் போய் வந்த பஸ் காசு எல்லாம் இதுல சேர்க்கல. 65-ஐக் காப்பாத்த நான் கொடுத்த விலை எட்டு லட்சம்.

அக்காவோட வட்டி 78,000-ஐ என் பங்குலேர்ந்து கொடுத்தேன். வாங்க மாட்டேன்னா. அம்மா சத்தம் போட்டதும் வாங்கிக்கிட்டா.

நண்பருக்குச் சொன்னதை இங்கயும் சொல்லிடறேன். யாருமே பார்க்க வரலைன்னா விலை எட்டாத உயரத்துல இருக்கு, முதல் ரெண்டு மாசத்துக்குள்ள குறைச்சுடுங்க. நிறைய பேர் வந்து பார்த்துட்டு யாரும் விலை கேட்கலைன்னா, வீட்டுல ஏதோ குறை இருக்கு, அதைச் சரி பண்ணுங்க, இல்ல அதுக்கு ஏத்த மாதிரி குறைங்க. விலை கேட்கறாங்க, எல்லாரும் ஒரே இடத்துல வந்து நிக்கறாங்கன்னா, அதுதாங்க உங்க வீட்டோட விலை. இது மூணும் பொதுவா எல்லாரும் சொல்றதுதான். நான் சேர்த்துக்கிட்டது ஒண்ணு: வீட்டுல பங்கு இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா போய், "தாமதம் ஆனா உனக்கு என்ன செலவாகுது?"ன்னு கேளுங்க. எல்லாரையும் உட்கார வெச்சுக் கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க. நான் கேட்கவே இல்ல.

சாவி கொடுக்கப் போன அன்னிக்கு மதியம் நல்ல வெயில். வாங்கினவரோட அம்மா, எண்பது வயசிருக்கும், காலி ஹால்ல நடுவுல வந்து நின்னாங்க. மேல அண்ணாந்து பார்த்தாங்க. "பேன் கூட இல்ல, என்னடா இப்படிச் சிலுசிலுன்னு இருக்கு?" கடுக்காய்க் கதையைச் சொன்னேன், மலை, மூட்டை, பஸ், அப்பா எல்லாம். முழுசாக் கேட்டுட்டு அந்தம்மா மகனைப் பார்த்து, "தளத்துல எவனும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்"னாங்க.

அதுக்கு நான் பதிமூணு லட்சம் விலை போட்டு வெச்சிருந்தேன்.